ஸ்டேல் கேஷ்: ஒயாசிஸின் இரண்டாவது ஆல்பத்தை யார் சரியாகக் கேட்டார்கள்?

இன்னைக்கு எபிசோட் ஒரு திருத்தம். மன்னிப்புன்னும் வெச்சுக்கலாம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்தப் பாட்காஸ்ட் ஆரம்பிச்ச புதுசுல, பிரிட்டிஷ் ராக் பத்தி ஒரு எபிசோட் போட்டேன். அதில் ஒயாசிஸ் பேண்டின் இரண்டாவது ஆல்பமான '(வாட்ஸ் த ஸ்டோரி) மார்னிங் குளோரி?'யின் கதையைப் பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டேன். "பீட்டில்ஸ் வீட்டுல மிஞ்சின சாம்பாரைச் சூடு பண்ணிக் கொடுத்திருக்காங்க"ன்னு ஒரு வரி. அந்த வரியை ரெக்கார்ட் பண்ணினப்போ எனக்கே என் மேல ஒரு பெருமை. இப்ப கேட்டா காது கூசுது.

எபிசோட் வந்த வாரத்திலேயே ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. மொத்தமே இருபது செகண்ட். "அண்ணா, நீங்க பாட்டைக் கேக்கவே இல்லண்ணா. வரியைப் படிச்சுட்டு வந்து பேசுறீங்க." அவ்வளவுதான். நானும் ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு நகர்ந்துட்டேன். ஆனா அது உள்ள எங்கயோ மாட்டிக்கிச்சு. போன மாசம் உட்கார்ந்து அந்த ஆல்பம் வந்த சமயத்துல பிரிட்டன்ல என்ன எழுதினாங்கன்னு தேடிப் படிச்சேன். பார்த்தா, நான் சொன்னதை 1995லேயே லண்டன் பத்திரிகைக்காரங்க என்னை விட நல்லா சொல்லி வெச்சிருக்காங்க. அதாவது தப்பு பண்ணியதிலும் நான் ஒரிஜினல் இல்லை.

ஒயாசிஸ் யாருன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். மான்செஸ்டரைச் சேர்ந்த பேண்டு. பாட்டு எழுதுவது அண்ணன் நோயல் கேலகர், பாடுவது தம்பி லியாம் கேலகர். கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட முதல் ஆல்பம் 'டெஃபனிட்லி மேபி', 1994 ஆகஸ்ட். அதுவரை பிரிட்டனில் எந்த முதல் ஆல்பமும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை. பதிமூன்றே மாதத்தில், 1995 அக்டோபர் 2ஆம் தேதி, இரண்டாவது ஆல்பம் கடைக்கு வந்தது.

பதிமூன்று மாதம் என்பதைக் கொஞ்சம் கவனிக்கணும். இரண்டாவது ஆல்பம்னாலே பேண்டுகளுக்கு ஒரு பயம் உண்டு. முதல் ஆல்பத்துக்கான பாட்டுகளை அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுக்க எழுதியிருப்பாங்க. இரண்டாவதை டூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதணும். அதே மான்செஸ்டரின் ஸ்டோன் ரோஸஸ் 1989ல் அற்புதமான முதல் ஆல்பம் கொடுத்துவிட்டு, இரண்டாவதுக்கு ஐந்தரை வருஷம் எடுத்துக்கிட்டாங்க. 1994 டிசம்பரில் 'செகண்ட் கமிங்' வந்தப்போ ஊரே உதட்டைப் பிதுக்கியது. 1996ல் பேண்டே கலைந்தது. அவர்கள் உழைத்த அதே ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவுக்கு, வேல்ஸ் நாட்டில் மன்மத் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பண்ணை அது, 1995 மே மாதம் ஒயாசிஸ் போய் இறங்கினார்கள். டிரம்மர் புதுசு, டோனி மெக்கரோலை அனுப்பிவிட்டு ஆலன் வைட்டைச் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் லியாம் பப்பில் இருந்து ஒரு கும்பலையே ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வர, நோயல் கிரிக்கெட் பேட்டால் அவரைத் தாக்க, வேலை கொஞ்ச நாள் நின்றுபோனது. (கிரிக்கெட் பேட்டுக்கு ராக் இசை வரலாற்றில் இடம் இருக்கும்னு நான் நினைச்சே பார்க்கல.) இதெல்லாம் சேர்த்தும் மே, ஜூனுக்குள்ள வேலை முடிந்தது.

இப்ப ரிவ்யூக்கள். மெலடி மேக்கர் வார இதழில் டேவிட் ஸ்டப்ஸ் ஆல்பத்தைக் கிழித்தார். சிரமப்பட்டுச் செய்த மாதிரியும் இருக்கு, சோம்பேறித்தனமாவும் இருக்கு, பேண்டு களைச்சுப் போன மாதிரி கேட்குது என்பது அவர் வாதத்தின் சாரம். என்.எம்.இ. பத்துக்கு ஏழு கொடுத்தது. ஏழு என்றால் எங்க காலேஜ் பாஷையில் 'பாஸ்தான், ஆனா வீட்டுல சொல்லிக்கிற மாதிரி இல்ல'. க்யூ பத்திரிகை பாட்டு வரிகளில் விஷயமே இல்லைன்னு குறைப்பட்டது. தி இண்டிபெண்டன்ட் நாளிதழும் பெரிசா உற்சாகப்படவில்லை. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பாராட்டியது. ஆனால் சொந்த ஊர்க் குரல் மொத்தத்தில் 'பரவாயில்ல, முதல் ஆல்பம் அளவுக்கு இல்ல' என்கிற இடத்தில்தான் நின்றது.

இவங்களை முட்டாள்கள்னு சொல்லிட்டு நகர்வது ஈஸி. நான் அதைச் செய்யப் போறதில்லை. ஏன்னா அவங்க சொன்னதில் பெரும்பகுதி உண்மை.

'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' பாட்டின் பியானோ தொடக்கம் ஜான் லெனனின் 'இமேஜின்' போல இருக்கா? இருக்கு, நோயலே அதை மறைச்சதில்லை. முதல் பாட்டு 'ஹலோ'வில் கேரி கிளிட்டர் பாட்டின் ஒரு பகுதி இருக்கிறதால, கிளிட்டருக்கும் மைக் லீண்டருக்கும் பாடலாசிரியர் பட்டியலில் இடம் கொடுக்க வேண்டி வந்தது. 'ஸ்டெப் அவுட்' என்ற பாட்டு ஸ்டீவி வொண்டர் பாட்டு மாதிரி இருந்ததால் கடைசி நேரத்தில் ஆல்பத்தில் இருந்தே தூக்கினார்கள். வரிகள்? 'ஷாம்பெய்ன் சூப்பர்நோவா'வில் மெதுவான நடையையும் பீரங்கிக் குண்டையும் ஒரே வரியில் வெச்சிருப்பார் நோயல். அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டவங்களுக்கு அவர்கிட்டயே நேரான பதில் கிடையாது. 'டோன்ட் லுக் பேக்' பாட்டில் வர்ற சாலி யாருன்னும் அவருக்குத் தெரியாது. ஒரு சவுண்ட்செக்கில் அவர் வேற எதையோ பாடிக்கிட்டிருந்தப்போ லியாம் காதுல தப்பா விழுந்த பேர் அது. தப்பா விழுந்தது நல்லா இருக்கேன்னு அப்படியே வெச்சுக்கிட்டார்.

அப்புறம் 'ரோல் வித் இட்'. விமர்சகர்கள் எழுத உட்கார்ந்தப்போ இந்த ஆல்பத்தின் முகமா அவங்களுக்குத் தெரிஞ்சது இந்தப் பாட்டுதான். 1995 ஆகஸ்ட் 14ஆம் தேதி ப்ளர் பேண்டின் 'கன்ட்ரி ஹவுஸ்' சிங்கிளும் இதுவும் ஒரே நாளில் இறங்கின. நம்ம ஊர் பொங்கல் ரிலீஸ் சண்டை மாதிரி, பிபிசி செய்தி வரைக்கும் போனது. வாரக் கடைசியில் ப்ளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000. ஒயாசிஸ் தோற்றது. நேர்மையா சொன்னா அந்தப் பாட்டுக்கு அது போதும். 'ஹே நவ்!' இழுவை என்பதிலும் நான் இன்னைக்கும் ஸ்டப்ஸ் பக்கம்தான்.

'வொண்டர்வால்' சிங்கிளாக வந்ததோ அக்டோபர் 30ஆம் தேதி, ஆல்பத்துக்கு நாலு வாரம் கழிச்சு. 'டோன்ட் லுக் பேக்' 1996 பிப்ரவரியில். அதாவது நமக்கு இந்த ஆல்பம்னா எந்தப் பாட்டுகள் ஞாபகம் வருமோ, அவை ரிவ்யூ எழுதின மேஜையில் டிராக் நம்பர் 3, டிராக் நம்பர் 4. அவ்வளவுதான்.

இங்கதான் என் தப்பும் அவங்க தப்பும் ஒண்ணா சேருது. அந்தத் தங்கச்சி சொன்னது மாதிரி, நாங்க படிச்சோம். இது எதுக்காகச் செய்த பாட்டுன்னு பார்க்கல.

'வொண்டர்வால்' கிட்டார்ல எப்படி வாசிக்கிறாங்கன்னு பாருங்க. ரெண்டாவது ஃபிரெட்ல கேப்போ மாட்டு. மோதிர விரலும் சுண்டு விரலும் கடைசி ரெண்டு கம்பி மேல ஒட்டிக்கிட்டே இருக்கும், பாட்டு பெரும்பாலும் நகரவே நகராது. மத்த ரெண்டு விரல் மட்டும்தான் இடம் மாறும். கிட்டார் வாங்கி மூணாவது வாரத்துல எவனும் வாசிச்சிடலாம். எங்க ஹாஸ்டல்ல வாசிச்சான், ராத்திரி ஒரு மணிக்கு, நாலு செமஸ்டரும். நான் அந்தப் பாட்டை வெறுத்ததுக்குப் பாதிக் காரணம் அவன்தான். ஆனா யோசிச்சா, அந்த வெறுப்பே ஒரு தகவல். ஒரு பாட்டு கேட்கிறவன் கைக்கு அவ்வளவு சுலபமாப் போய்ச் சேருதுன்னா அது தற்செயல் இல்ல. 'டோன்ட் லுக் பேக்' கோரஸும் அப்படித்தான். நீட்டிப் பாட வசதியான உயிர் ஓசைகள், எங்க மூச்சு வாங்கணும்னு முதல் தடவை கேட்கும்போதே தெரிஞ்சிடும். குரல் இல்லாதவன் பாடினாலும் பக்கத்துல நிக்கிறவன் குரல் தாங்கிக்கும். அர்த்தம் இறுக்கமா இல்லாததால, அவனவன் வாழ்க்கையை உள்ள வெச்சுக்க இடமும் இருக்கு.

ஒலிப்பதிவிலும் இதே கணக்குதான். புரொட்யூசர் ஓவன் மோரிஸ். ஒரு பாட்டில் மெல்லிய இடம், சத்தமான இடம்னு ஏற்ற இறக்கம் இருக்கும் இல்லையா? கம்ப்ரஷன் போட்டு மெல்லியதை மேல தூக்கி, உச்சங்களை ஒரே மட்டத்தில் நறுக்கிவிட்டார். ஸ்கிரீனில் அலைவடிவம் பார்த்தா மலையும் பள்ளமும் தெரியாது, செங்கல் மாதிரி இருக்கும். இதற்கு 'பிரிக்வாலிங்' என்றே பெயர். நல்ல ஸ்பீக்கர்ல, அமைதியான அறையில, ஐம்பது நிமிஷம் கேட்டா சோர்வா இருக்கும். ஸ்டப்ஸுக்கு வந்த களைப்பில் கொஞ்சம் இதுவும் இருக்கும்னு நான் நினைக்கிறேன். ஆனா ஒரு பப்பில், நூறு பேர் கத்திக்கிட்டிருக்கிற இடத்தில், ஜூக்பாக்ஸில் இதைப் போட்டா அடுத்த பாட்டை விடத் தனியா கேட்கும். அது அந்த அறைக்காகச் செய்த சத்தம். நானோ நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு, ஒரு டேப்பில் பாட்டு வரியை ஓட விட்டுக்கிட்டு மதிப்பெண் போட்டேன்.

கேட்கிறவர்கள் முதல் வாரத்திலேயே 3,47,000 காப்பி வாங்கினார்கள். 1987ல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' ஆல்பத்துக்கு அப்புறம் பிரிட்டனில் அவ்வளவு வேகம் அதுதான். அமெரிக்காவில் நாலாவது இடம் வரைக்கும் போனது. 1996 ஆகஸ்ட் 10, 11 தேதிகளில் நெப்வொர்த் மைதானத்தில் இரண்டு இரவு, தலா 1,25,000 பேர். டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 25 லட்சத்துக்கும் மேல்.

"பார்த்தீங்களா, ரசிகர்கள்தான் கரெக்ட்"னு இங்க முடிச்சா கைதட்டு வாங்கலாம். ஆனா கதை இன்னும் ஒரு ஆல்பம் இருக்கு, அங்க எல்லாரும் சேர்ந்து சறுக்கினாங்க.

1997 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. மூணாவது ஆல்பம் 'பி ஹியர் நவ்'. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தப்புக் கணக்கு போட்டு ஊர் சிரிச்ச அதே பத்திரிகை உலகம் இந்தத் தடவை சூதாடத் தயாரா இல்ல. முன்கூட்டிக் கேட்கணும்னா கையெழுத்து போடணும்னு ஏகப்பட்ட கெடுபிடி வேற. கேட்டுட்டு வந்து பாராட்டைக் கொட்டினாங்க. க்யூ ஐந்துக்கு ஐந்து கொடுத்தது. ரசிகர்கள் சனிக்கிழமைக்குள், அதாவது மூணே நாளில், 6,63,000 காப்பிக்கு மேல் வாங்கினார்கள். பிரிட்டனில் வேகமாக விற்ற ஆல்பம் என்ற அந்தச் சாதனையை 2015ல் அடெல் வந்துதான் உடைத்தார்.

கொஞ்ச நாள்ல எல்லாரும் வீட்டுக்குப் போய் அமைதியா அதைக் கேட்டாங்க. மொத்தம் எழுபத்தொரு நிமிஷம். 'ஆல் அரவுண்ட் த வேர்ல்ட்' மட்டும் ஒன்பது நிமிஷத்துக்கு மேல. கிட்டாருக்கு மேல கிட்டார், அதுக்கு மேல கிட்டார். பழைய சிடி கடைகளின் அலமாரியில் அது சீக்கிரமே குவியத் தொடங்கியது. நோயலே பின்னாடி அதைக் கைவிட்டுட்டார். 2016ல் மறுபதிப்புக்காகத் திருத்திச் செதுக்கலாம்னு உட்கார்ந்தவர், ஒரே ஒரு பாட்டை முடிச்சுட்டு விட்டுட்டார். (லியாம் மட்டும் இன்னைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார். தம்பிங்க அப்படித்தான்.)

எங்க துறையில் ஃபிரெட் புரூக்ஸ்னு ஒரு பெரிய மனுஷன். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 வேலையை நடத்தியவர். 1975ல் எழுதின புத்தகத்தில் 'செகண்ட் சிஸ்டம் எஃபெக்ட்'னு ஒண்ணு சொல்லுவார். ஒருத்தர் வடிவமைக்கிறதிலேயே ஆபத்தானது இரண்டாவது சிஸ்டம். முதல் தடவை பயந்து ஒதுக்கி வெச்ச அலங்காரம் எல்லாத்தையும் அதில் கொண்டுவந்து கொட்டுவார். ஒயாசிஸுக்கு அந்த வியாதி ஒரு ஆல்பம் தாமதமா வந்தது. இரண்டாவதுக்கு அலங்காரம் பண்ண நேரமே கிடைக்கல, அது அதோட அதிர்ஷ்டம்னு நான் நினைக்கிறேன்.

ஆனா எனக்கு இதைவிட முக்கியமா பட்டது வேற. இந்த ரெண்டு ஆல்பத்தோட தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1997ல் வந்த ஐந்து நட்சத்திரம் 'பி ஹியர் நவ்'வுக்கு வந்ததா? இல்ல, அது 'மார்னிங் குளோரி'க்கு ரெண்டு வருஷம் லேட்டா வந்து சேர்ந்த மார்க். அந்த 6,63,000 பேரும் கேட்டுட்டு வாங்கல. போன ஆல்பத்தை நம்பி வாங்கினாங்க. அப்படிப் பார்த்தா 1995இன் முதல் வார 3,47,000கூட இரண்டாவது ஆல்பத்துக்கான ஓட்டு கிடையாது, அது 'டெஃபனிட்லி மேபி'க்கு விழுந்த ஓட்டு. விமர்சகர்களும் மனசுக்குள்ள 'டெஃபனிட்லி மேபி'யை ஓட விட்டுக்கிட்டு, இதில் அது இல்லையேன்னுதான் எழுதினாங்க. ரெண்டு பக்கமும் ஸ்டேல் கேஷ். சர்வர்ல தகவல் மாறிடுச்சு, நீ இன்னும் பழைய காப்பியைப் படிச்சு பதில் சொல்லிக்கிட்டிருக்க.

அப்ப உண்மையான ஓட்டு எது? என் கணக்குப்படி அது முதல் வாரத்தில் இல்ல. பத்தாவது வாரம், முப்பதாவது வாரம், ஏற்கனவே வீட்டுல கேட்டவன் சொல்லி வாங்கினவன் ஓட்டு. 'மார்னிங் குளோரி' பிரிட்டனில் மொத்தமா பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது, அதுவும் தொடர்ச்சியா இல்ல. இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி ஏறி. 2010ல் பிரிட் விருது விழாவில் முப்பது வருஷத்தின் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பம்னு மக்கள் வாக்கில் ஜெயிச்சது. அதுக்குள்ள நோயல் பேண்டை விட்டே போயாச்சு. லியாம் மேடையேறி, அண்ணன் பேரை மட்டும் விட்டுட்டு மத்தவங்களுக்கு நன்றி சொல்லி, மைக்கையும் விருதையும் கூட்டத்துக்குள் விட்டெறிந்துட்டு இறங்கினார்.

கடைசியா ஒரு வீடியோ. இதைப் பத்திப் பேசணுமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன்.

2017 மே 22, மான்செஸ்டர் அரீனாவில் அரியானா கிராண்டே கச்சேரி முடியும் நேரம் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் பதின்ம வயதைத் தாண்டாதவர்கள். மூன்று நாள் கழித்து, 25ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு, நாடு முழுக்க ஒரு நிமிட மௌனம். மான்செஸ்டரின் செயின்ட் ஆன்ஸ் ஸ்கொயர் முழுக்கப் பூக்கள், சுற்றிலும் மக்கள். மௌனம் முடிந்தது. யாருக்கும் அங்கிருந்து நகரத் தோணல, அதே சமயம் என்ன பண்றதுன்னும் தெரியல. அப்ப கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு பெண் தனியா, ரொம்பச் சின்னக் குரலில் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' பாட ஆரம்பிக்கிறாங்க. முதல் சில வரிகளுக்கு யாரும் சேரல. அப்புறம் ஒவ்வொருத்தரா. கோரஸ் வரும்போது சதுக்கமே பாடுது.

சாலி யாருன்னு அங்க ஒருத்தரும் கேட்கல. காதுல தப்பா விழுந்த ஒரு பேர் அது, ஆனா அன்னைக்கு அந்த இடத்துக்கு அது யாராவும் இருக்க முடிஞ்சது. அர்த்தம் இறுக்கமா எழுதின ஒரு நல்ல பாட்டு அங்க வேலை செஞ்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம். க்யூ சொன்னதும் நான் சொன்னதும், வரியில் விஷயம் இல்லைன்னு, அது சரிதான். அந்தக் காலி இடத்துலதான் அந்தச் சதுக்கம் போய் நின்னுச்சு.

அந்த வீடியோவை முதல் தடவை ஆபீஸ்ல, லஞ்ச் டைம்ல பார்த்தேன். தட்டு அப்படியே இருந்தது. பக்கத்துல இருந்தவன் "என்னடா, புரொடக்ஷன் டவுனா?"ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன்.

பழைய எபிசோடை நான் டெலிட் பண்ணல. எபிசோட் 6, அப்படியே இருக்கு, சாம்பார் வரியோட. திட்டணும்னா போய்த் திட்டுங்க. வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சி, நீங்க இதைக் கேட்டா இன்னொரு இருபது செகண்ட் அனுப்புங்க, இந்தத் தடவை தம்ஸ் அப் போட மாட்டேன். ஒண்ணு மட்டும்: 'ஹே நவ்!' இப்பவும் இழுவைதான், அதுல நான் மாற மாட்டேன்.

அடுத்த வாரம் 1995 அக்டோபரிலேயே இருப்போம். 'வொண்டர்வால்' சிங்கிள் வந்த அதே 30ஆம் தேதி பல்ப் பேண்டின் 'டிஃபரன்ட் கிளாஸ்' ஆல்பம் வந்தது. அதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க, அந்த ஆல்பத்தை ஒரு தடவை வரி படிக்காம கேட்டுட்டு வாங்க. பார்க்கலாம்.